மச்சான் பூட்டின பொயிலர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வரிசை வீடு. ஜனவரி, விடிந்தும் விடியாத நேரம். குசினிச் சுவரில் இருக்கும் பொயிலர் கொளகொளவென்று சத்தம் போட்டு அடங்கி, முகப்பில் ஏதோ பிழை இலக்கத்தைக் காட்டுகிறது. வீட்டுக்கார அண்ணர் ஜாக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக நின்று றீசெற் பொத்தானை அமத்துகிறார். பற்றுகிறது. கொளகொளக்கிறது. அணைகிறது. மேலறையில் வாடகைக்கு இருக்கும் எனக்கு இதில் அபிப்பிராயம் கிடையாது. கேத்திலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அக்கா பெரிய சட்டியில் பிள்ளை குளிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறார். "அவருக்கே எடுங்கோவன்" என்கிறார், அடுப்பைப் பார்த்தபடி.

"எடுக்கிறன்."

போன் மேசையிலேயே கிடக்கிறது.

அவர் என்றால் பொயிலரைப் பூட்டியவர். அண்ணருக்கு ஊரும் ஒன்று, முறையில் மச்சான். பெயின்ற் அடிப்பார், ரைல்ஸ் பதிப்பார், கூரையும் ஏறுவார். காசாகக் கொடுத்தால் விலை குறையும், பற்றுச்சீட்டும் இல்லாமற் போகும். காஸ் வேலைக்குப் பதிவுள்ள ஒருவரைக் கூட்டிவருவதாகச் சொல்லி யாரையோ கூட்டியும் வந்தாராம். பதிவு அட்டையை யாரும் கேட்கவில்லை. 2009இல் காஸ் வேலைக்காரர் பதிவேட்டில் கோர்கி போய் காஸ் சேஃப் வந்துவிட்டது. ஆனாலும் நம்மவர் வீட்டுக்கு வந்த ஆளிடம் அட்டை கேட்பது இன்னும் மரியாதைக் குறைவுதான்.

மத்தியானம் பொயிலரைப் பார்க்க வேறொருவர் வருகிறார், நடுவயதுப் பஞ்சாபிக்காரர். கேட்காமலே அட்டையை நீட்டி, பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டுகிறார். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். பொயிலரின் மூடியைக் கழற்றவில்லை. சத்தத்தை ஒருமுறை கேட்டார், பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

வெளிச்சுவரில் விரல் மொத்தத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய், நடுவில் கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து, மூலைக் கான்வரை போகிறது. அதை அவர் ஸ்பானரால் தட்டுகிறார். கல்லைத் தட்டிய சத்தம்.

அண்ணருக்கு அவர் விளங்கப்படுத்துவது எனக்கும் கேட்கிறது. இங்கிலாந்தில் 2005க்குப் பிறகு பூட்டுகிற பொயிலர் அநேகமாக எல்லாம் புகையில் போகிற சூட்டையும் பிடித்து வைப்பவை. அப்போது நீராவி தண்ணீராகும். லேசான அமிலத் தண்ணீர், நாளுக்கு லீற்றர் கணக்கில். அதை வெளியால் கொண்டுபோனால் குழாயின் உள்விட்டம் 30 மில்லிமீற்றராவது வேண்டும். மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவில் சரிவு வேண்டும், மேலே உறையும் வேண்டும். இதற்கு வெளிவிட்டமே 21.5தான். சரிவு இல்லை, உறை இல்லை. தொய்வில் தேங்கியது உறைந்து, பின்னால் வந்தது பொயிலருக்குள் ஏற, அது தன்னைக் காக்கத் தானே நின்றிருக்கிறது. 2010 டிசம்பர்க் குளிரில் ஊர் முழுக்க இதே கதைதான் என்கிறார். பிறகு குசினிக்குள் தலையை நீட்டி, பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாயைக் காட்டுகிறார். பொயிலரிலிருந்து ஒரு கை எட்டும் தூரம். உள்ளாலேயே இதில் கொடுத்திருக்கலாம்.

அக்காவின் சட்டி வெளியே போகிறது. கொதிநீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். ஊற்ற ஊற்ற, குழாய்க்குள் ஏதோ நொறுங்கி வழுக்குகிறது. றீசெற். இந்த முறை அணையவில்லை.

அவர் கைநூலைக் கேட்கிறார். கடைசிப் பக்கங்களில் பூட்டியவர் நிரப்ப வேண்டிய படிவம், ஒரு எழுத்தும் இல்லாமல். உள்ளூராட்சிக்கு அறிவித்த சான்றிதழ்? அண்ணர் என்னைப் பார்க்கிறார், பிறகு ஃபிரிட்ஜைப் பார்க்கிறார். உத்தரவாதம் கேட்டால் கம்பனி முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான் என்று சொல்லிவிட்டு, குழாயை மாற்றச் செவ்வாய்க்கிழமை வருவதாகப் புறப்படுகிறார். பற்றுச்சீட்டு மேசையில் இருக்கிறது.

"இப்பவாவது அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"சனிக்கிழமை அவையின்ரை மகளின்ரை சாமத்தியவீடெல்லே. அது முடியட்டும்."

அக்கா லாச்சியில் கடிதவுறை தேடுகிறார். "எவ்வளவு வைக்கிறது?"

"நூற்றியொண்டு வையும். அவை எங்களுக்கு அவ்வளவு வைச்சவை."