வற்றிய கடலில் ஒரு வகுப்பு

ஜொகூரின் தென்மேற்கே, பூலாய் ஆற்று முகத்துவாரத்தில், கடல் நன்கு வற்றும் நேரத்தில் மெராம்போங் கடற்புல் திட்டு வெளிப்படும். புல்லிடைத் தேங்கிய நீரில் கடற்குதிரையும் நட்சத்திர மீனும் கடலட்டையும் அடுத்த பெருக்கை நோக்கிக் காத்திருக்கும். 2008இல் தோன்றிய கெலாப் அலாமி என்னும் இயற்கைக் கழகம், தஞ்சோங் கூப்பாங் மீனவச் சிறார்க்கு அவ்வுயிர்களை இனங்காணவும் கணக்கெடுக்கவும் கற்பித்தது. 2014இல் ஃபாரஸ்ட் சிட்டி நகருக்காகக் கொட்டப்பெற்ற மணல் அத்திட்டை ஊடறுத்தது. முன்னரே எண்ணி வைத்தவர்க்கன்றோ குறைந்தது எவ்வளவு என்பது தெரியும்! ஆதலின், விடுமுறையில் மாணவரைக் கடலோரம் அழைத்துச் செல்லும் ஆசிரியர், சிப்பி பொறுக்கும் கைகளுக்கு முதலில் எண்ணக் கற்பிப்பாராக. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்கவும் பழக்குவாராக.