அப்பா ஓட்டியிருக்கார்

நான் எல்கேஜியிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். பிரசென்ட் பெர்ஃபெக்ட்டா? 'ஹேவ்' இல்லன்னா 'ஹேஸ்', பின்னாடி வினைச்சொல்லோட மூணாவது வடிவம். பரீட்சையில் முழு மார்க். ஆனால் அது எதற்குன்னு புரிஞ்சது போன மாதம், சிறுசேரி சிப்காட்டில் நடந்த ஒரு இன்டர்வியூவில்தான்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டாங்க. "மை ஃபாதர் ஹேஸ் டிரிவன் எ கேப் ஆன் ஓஎம்ஆர் ஃபார் எய்ட்டீன் இயர்ஸ்" என்றேன். அந்த மேடம் சிரிச்சுக்கிட்டே, "அப்போ இன்னைக்கும் அவர்தான் டிராப் பண்ணாரா?" என்று இங்கிலீஷில் கேட்டாங்க.

எனக்குத் தொண்டை அடைத்தது. கண் பார்வை குறைந்து, அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருஷம் ஆச்சு. நான் வந்தது பஸ்ஸில்.

அவங்க கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் 'பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கார்' என்றால் அது அனுபவக் கணக்கு. இன்னும் ஓட்டுறாரா, இல்லையான்னு அந்த வாக்கியம் சொல்லாது. இங்கிலீஷில் 'ஹேஸ் டிரிவன்' என்று சொல்லி இத்தனை வருஷம்னு சேர்த்தால், இன்னைக்கும் ஓட்டுறார்னுதான் பொதுவா எடுத்துக்குவாங்க. முடிஞ்சுபோன வேலைக்கு 'ட்ரோவ்' போதும்.

நீங்க செய்யக்கூடிய இன்னும் இரண்டு தப்பு சொல்றேன். 'போன வருஷம் இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேவ் டன் மை இன்டர்ன்ஷிப் லாஸ்ட் இயர்' ஆக்கினால் தப்பு. 'லாஸ்ட் இயர்' முடிஞ்சுபோன காலம், அதனால் 'டிட்'தான். இன்னொன்று தலைகீழ். 'நாலு வருஷமா இங்க படிக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஸ்டடியிங்' என்று ஆரம்பிக்கிறோம். அங்கேதான் 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்' வரணும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா, நான் ஓட்டியிருக்கேன்ல? அதுல என்ன தப்பு?" என்றார். தமிழில் அவர் சொன்னது சரிதான்.

அடுத்த இன்டர்வியூவில் 'ஹி ட்ரோவ் எ கேப்' என்று சொல்வேன். அதற்கடுத்த வரி, 'ஹி ஹேஸ் புட் மீ த்ரூ காலேஜ்'. ஓட்டினது முடிஞ்சுபோச்சு. படிக்க வெச்சதோட பலன் இன்னைக்கும் என் கையில் இருக்கு. 'ஹேஸ்' அதுக்குத்தான்.