அரத்தில் அடித்த கத்தி

விழுப்புரம் போகிற வழியில், திண்டிவனத்தில் பஸ் மாறும் இடைவெளியில் ஷேவ் பண்ணிக்கொள்ள ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். பெரியவருக்கு எழுபது இருக்கும். பிளேடைப் பாதியாக உடைத்துச் சொருகியவரிடம், "அந்தக் காலத்து மடக்குக் கத்தி வெச்சிருக்கீங்களா?" என்று சும்மாதான் கேட்டேன். இழுப்பறையிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது.

கறுப்புக் கைப்பிடி. அலகில் எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை.

"எங்கப்பாவோடது சார். விழுப்புரத்துல ஒரு ஆசாரி அடிச்சுக் குடுத்தார். ரயில்வே ஷெட்ல தேஞ்சு கழிச்ச அரம்."

அரம் எதற்கு? நான் பி.காம். இரும்பில் எனக்குத் தெரிந்தது கிலோ விலை மட்டும்தான். பெரியவர் பொறுமையாக விளக்கினார். லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கலாம், உடையாது. ஆனால், முடி வழிக்கிற கூர் அதில் ரொம்ப நாள் நிற்காது. அரத்தில் கார்பன் அதிகம், கூர் நிற்கும். சிக்கல் என்னவென்றால், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஏறும்போது எடுத்துவிட வேண்டும். நீலம் பாய்ந்தால் போச்சு, கூர் மழுங்கும்.

"பிடி?"

"மரம் வெச்சா ஈரத்துல ஊதிக்கும். தந்தத்துக்கு எங்க போறது? எருமைக் கொம்புதான். சூடு காட்டி அமுக்குனா பலகையாட்டம் நிமிரும். அப்பப்போ தேங்கா எண்ணெய் தடவணும், இல்லாட்டி வெடிச்சிடும்."

இந்தப் பக்கத்துக்கு உருக்கு புதிதில்லை, தெரியுமோ? பழைய தென்னாற்காட்டின் மேல்சிறுவள்ளூரில் (2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்) மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்களை 1990-களில் கண்டறிந்து எழுதினார் சாரதா ஸ்ரீனிவாசன். 'உட்ஸ்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த அந்த வகை இந்திய உருக்கில்தான் லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் சவரக் கத்தி செய்தார். ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இதுவே எனக்கு உகந்தது என்று விளம்பர அட்டையில் அச்சடித்தும் வைத்தார். 1819 வாக்கில் அவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவரும் கொல்லர் மகன்தான்.

"இதுலயே வழிச்சு விடுங்களேன்."

"வேணாம் சார். எய்ட்ஸ் பயம் வந்ததுலேர்ந்து பிளேடுதான்."

"விலைக்குத் தருவீங்களா?"

பெரியவர் கத்தியைத் துணியில் சுற்றினார். "எங்கப்பா இதை எடுத்துட்டுப் போகாத வீடு இல்லை. எல்லாம் கொல்லப்பக்கம்தான். கூலி, அறுப்புக்கு நெல்லு. காசு குடுத்து அவரு வாங்கின பொருள் இது ஒண்ணுதான் சார்."

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் ஒருவர் வருவார். தாத்தா வயசு. பத்து வயதில் நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெரியவர் பாதி பிளேடில் வழித்து முடித்து, படிகாரம் தேய்த்தார். எரிந்தது.