பாலத்துக்கு இப்பால் தெஹிவளை

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே வருகிறீர்களா, சகோதரியே? வெள்ளவத்தைக் கடைகள் முடிந்ததும் ஒரு கால்வாய்ப் பாலம் வரும். கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுவீர்கள். கொழும்பு மாநகரின் எல்லை அதோடு சரி, இப்பால் தெஹிவளை. 1959 முதல் கல்கிசையோடு சேர்த்து இதற்குத் தனி மாநகர சபையே உண்டு. ஆனாலும் வீட்டுப் படி இறங்கும்போது இங்குள்ளவர்கள், "கொழும்புக்குப் போய்ட்டு வாறேன்" என்றுதான் சொல்வார்கள். புறநகர் என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

வெளியூரார் 1936இல் அரசு பொறுப்பேற்ற மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்து பாருங்கள். வேலைக்குப் போவோரைக் காலையிலேயே பஸ்களும் கரையோர ரயிலும் அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு அஸர் வரை வீட்டிலிருக்கும் பெண்களின் ஊர்தான். ஆறு பேர்ச், எட்டு பேர்ச் காணிகள், ஆளுயர மதில், பூட்டிய கேற். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கும், முகம் தெரியாது.

பாண் விற்கும் முச்சக்கர வண்டி பீத்தோவனின் இசையோடு வந்து நின்றால் மட்டும் கேற்றுகள் திறக்கும். நான் குடிவந்து ஏழு மாதத்தின் பின், அங்கே வைத்துத்தான் அடுத்த வீட்டு ராத்தா முதன்முதலாகப் பேசினார்.

"ராவெல்லாம் புள்ள அழுதிச்சே, காய்ச்சலா?"

அன்று பின்னேரமே மதிலுக்கு மேலால் ஒரு போத்தல் கொத்தமல்லிக் கசாயம் வந்தது.