கையெழுத்துப் போடும் முன்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் உன்னை இயக்குநராகப் போட்டிருக்கிறார்களாமே, சந்தோஷம் தாயி. சட்டப்படி அந்தக் குழுவில் 5 பேருக்குக் குறையக்கூடாது, 15 பேருக்கு மேல் போகக்கூடாது. அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஊரே கேட்கும். தீர்மான நோட்டை எழுதுவது யார் என்றுதான் நான் கேட்பேன்.

கூட்டம் முடிந்து டீ வரும்போது, "அக்கா, இதில் ஒரு கையெழுத்து" என்று நோட்டை நீட்டுவார்கள். வாங்கி முழுக்கப் படி. பேசாத விஷயம் ஏறியிருந்தால் அங்கேயே கேள். கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தால், குறுக்கே கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடு. காசோலையும் அப்படித்தான், தொகை எழுதாமல் நீட்டினால் கையெழுத்துப் போடாதே. "உரத்துக்கு இன்றைக்கே பணம் கட்டணும்" என்று அவசரப்படுத்துவார்கள். தொகையை எழுத அரை நிமிஷம் ஆகுமா?

இடம் கிடைத்தால் மட்டும் போதாது, ஊராட்சிகளைப் பார். அங்கே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் 1993-ல் சட்டமானது. தமிழ்நாட்டில் 2016-ல் அது பாதியானது. ஆனாலும் தலைவி வீட்டில் மாடு கறக்க, வீட்டுக்காரர் ஆபீஸ் நடத்திய கூத்தெல்லாம் நமக்குத் தெரியாததா? முத்திரை யார் சட்டைப் பையில் இருக்கிறதோ அவர்தான் தலைவர்.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையின் காலைப் பிரதமர் வாஜ்பாய் தொட்டு வணங்கியதைச் சொல்லாதவர் இல்லை. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கதை. களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களுக்கு வருமுன்பே அவர் கொத்துத் தலைவி. வயல்வேலைக்கு ஆள் சேர்த்து, நிலக்காரரிடம் கூலி பேசி, வந்ததைப் பிரித்துக் கொடுத்தவர். கணக்கில் இடறினால் மறுநாள் ஒருத்தி வரமாட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர் அவர்.

நீ முதலில் மாற்றவேண்டியது கூட்ட நேரத்தை. சாயங்காலம் கறவை வேளையில் வைத்துவிட்டு, "பொம்பளைங்க வர்றதில்லை" என்பார்கள். பகல் பதினொரு மணிக்கு வைக்கச் சொல்.

இன்னொன்று, பங்கு. பட்டா ஆம்பளை பேரில் இருக்கிறதென்று பெண்களைத் திருப்பி அனுப்புவார்கள். சட்டம் 'உற்பத்தியாளர்' என்பது விளைவிப்பவரை. பட்டாதாரரை மட்டும் அல்ல. குத்தகைக்கு உழுகிறவள், ஆடுமாடு வளர்க்கிறவள் எல்லாருக்கும் அது பொருந்தும். உங்கள் கம்பெனி விதியில் வேறு நிபந்தனை எழுதியிருக்கிறார்களா பார். உறுப்பினர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எத்தனை பங்கு பெண்கள் பேரில் இருக்கிறதென்று எண்ணி எனக்குப் போன் பண்ணு.