கிணறும் குழியும் ஒரே தாளில்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் நிலத்துக்கென்று ஒரு பெயர் இருக்கும். எத்தனை பரப்பு, நாற்புறமும் யாருடைய வளவு, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை எது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் பத்து வளவுகளில் பெய்த மழை எந்தப் பக்கத்தால் வடியும் என்பதை எந்த உறுதியும் சொல்லாது. அங்கே குடியிருப்பவருக்குத்தான் அது தெரியும். திருநெல்வேலியில் ஒரு சனசமூக நிலையத்தில் அயலவர்கள் கூடித் தங்கள் ஒழுங்கைகளைத் தாங்களே படமாகக் கீறுகிறார்கள் என்று அறிந்து பார்க்கப் போனேன்.

மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பெரிதாக அச்சிட்ட செய்மதிப் படத்தை விரித்து, அதன்மேல் டிரேசிங் தாளை ஒட்டியிருந்தார்கள். வேலையை நடத்தியவர்கள் புவியியல் படித்த இரண்டு இளம் பெண்கள். பென்சிலை அவர்கள் தொடவே இல்லை. பலாலி வீதி எங்கே, பரமேஸ்வராச் சந்தி எங்கே, சந்தை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் குனிந்து தங்கள் கூரையைத் தேடினார்கள். "வீட்டைக் கண்டுபிடிச்சாப் பிறகு ஆக்கள் எழும்ப மாட்டினம்" என்றாள் ஒருத்தி. நான் இருந்த நேரம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

வீதி, கோயில், கடை எல்லாம் விரைவாக முடிந்தன. அடுத்த தாளில்தான் வேலை இறுகியது. அதில் கிணறுகளுக்கு நீலப் புள்ளி, மலக்குழிகளுக்குச் சிவப்புப் புள்ளி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் எங்கள் முக்கிய குடிநீர். அந்தக் கல்லின் வெடிப்புகள் மழைநீரையும் குழிநீரையும் வேறுபடுத்துவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளவுகள் சீதனமாகப் பிரிந்து பிரிந்து சுருங்கியிருக்கின்றன. மாடி எழுப்பி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்ட வீடுகளும் பெருகியிருக்கின்றன. ஆட்கள் கூடினால் குழியும் கூடும்.

புள்ளிகள் நிறைய நிறைய ஒன்று தெளிவாகியது. அநேகமாக எல்லோரும் தங்கள் கிணற்றுக்கு எட்டத்தான் குழி வெட்டியிருந்தார்கள். எட்ட என்றால் வளவின் மறு மூலை, எல்லை மதிலோரம். மதிலுக்கு மறுபக்கம் அடுத்தவரின் கிணறு. "நாங்கள் தள்ளித்தான் கட்டினனாங்கள், பிள்ளை. அங்காலை அவையின்ரை கிணறு எண்டதை ஆர் யோசிச்சது?" என்று ஓர் அம்மா கேட்டார். வளவு வளவாகப் பார்த்தால் எவரிடமும் பிழை இல்லை. பக்கத்துப் பக்கத்து வளவுகளை ஒரே தாளில் வைத்தால்தான் ஆபத்துத் தெரிகிறது. இந்த முறையின் முழுப் பெறுமதியும் எனக்கு அங்கேதான் விளங்கியது. அந்தத் தாளில் பெயரோ வீட்டு இலக்கமோ போட வேண்டாம் என்று பெண்கள் இருவரும் உறுதியாக நின்றார்கள். நல்ல முடிவு. அயலுக்குள் கோள் மூட்டும் ஆவணமாக அது மாறியிருந்தால் அடுத்த முறை எவரும் உண்மை சொல்ல வரமாட்டார்கள்.

பிறகு தாளோடு நடந்தோம். ஒரு மதிலைத் தட்டி, "உதிலைதான் வெள்ள வாய்க்கால் போனது, தம்பி. மதகு இப்ப ரோட்டுக்குக் கீழை கிடக்குது" என்றார் ஒரு வயதான ஐயா. 2008இல் நிஷா புயல் மழைக்கும் 2024 நவம்பர் வெள்ளத்துக்கும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுக்கு வீடு காட்டினார்கள். முழங்கால், இடுப்பு என்று சொன்ன உயரங்கள் அப்படியே தாளில் ஏறின.

சனசமூக நிலையத்துக்கு வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம் வரவில்லை. ஓர் ஒழுங்கையிலிருந்து ஒருவருமே வரவில்லை. பொதுக் கிணற்றில் அள்ளும் உரிமையே சாதியின் பேரால் சிலருக்கு மறுக்கப்பட்ட ஊர் இது. கூப்பிட்டும் ஒரு பகுதியார் வராவிட்டால் அதற்கு நீண்ட காரணம் இருக்கும். பெண்கள் தாளைச் சுருட்டிக்கொண்டு அந்த ஒழுங்கைக்கே போய், ஒரு வீட்டு விறாந்தையில் விரித்தார்கள். அயலில் ஆக மோசமாக வெள்ளம் நிற்கும் இடம் அங்கேதான் பதிவானது.

குடியிருப்பவர்களையே கேட்டுத் திட்டமிடுவது இலங்கைக்கு அந்நியமான வழி இல்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் காணித்துண்டும் நடைபாதையும் எங்கே வரவேண்டும் என்று குடியிருப்பவர்களே அதிகாரிகளோடு இருந்து தீர்மானித்தார்கள். இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது: கேரளத்தின் கல்லியாசேரியில் 1990களின் தொடக்கத்தில் ஊர்த் தொண்டர்கள் நிலம், நீர் வளங்களைப் படமாக்கினார்கள். 1996இல் அந்த மாநிலம் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கு அத்தகைய முயற்சிகள் முன்னோடியாக இருந்தன.

திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. கட்டட அனுமதிக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்தையும் இப்படியான தாளோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மதிலுக்கு அப்பால் கிணறு இருந்தால் குழியை இடம் மாற்றச் சொல்லலாம். இடமே இல்லாத ஒழுங்கைகளுக்குப் பொதுக் கழிவுநீர் ஏற்பாடு வேண்டும் என்று கணக்கோடு கேட்கலாம். கீறிய தாளின் ஒரு பிரதி சனசமூக நிலையத்தில் இருக்கும். புதிதாக வரும் கிணற்றையும் குழியையும் அதில் பதியும் பொறுப்பை, மதிலுக்கு அங்காலையைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாவும் வேறு இரண்டு பேரும் எடுத்திருக்கிறார்கள்.