அம்பாசிடருக்கு டயர் தேடிய கதை

பழைய மகிழுந்து வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் பேச்சு இஞ்சினில் தொடங்கும். வண்ணப்பூச்சு, இருக்கைத் துணி, கதவுக் கைப்பிடி என்று நீளும். கிடைக்காத உதிரிப் பாகங்களைப் பற்றிய புலம்பலோடு முடியும். டயரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 2019 மே மாதத்து நண்பகல் ஒன்று வரையில் நாங்களும் பேசியதில்லை.

எங்கள் தந்தையார் 1984-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 அது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கி 2014 மே மாதத்தில் நிறுத்திய அந்த வண்டியை அன்பர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆளும் பொருளும் ஏறாமலேயே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. தந்தையார் 2012-இல் மறைந்தபின் வண்டி கொட்டகையிலேயே பெரும்பாலும் நின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துடைத்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் துணி போர்த்தி நிறுத்துவோம். எங்களுள் மூத்தவர் ஓட்டுவார். இளையவர் பக்கத்தில் அமர்ந்து பழங்கதை பேசுவார். அந்த இளையவருக்குத் தமிழ் கற்பிப்பது தொழில். எந்நூலைக் கையிலெடுத்தாலும் முதலில் பதிப்பாண்டைப் பார்க்கவேண்டும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லி வருபவர் அவர். இது பின்னால் தேவைப்படும்.

அவ்வாண்டு பழனியில் வீட்டுப் பிள்ளைக்கு முடியிறக்க முடிவு செய்தோம். அம்பாசிடரிலேயே போகவேண்டும் என்பது எங்கள் தாயாரின் விருப்பம். இஞ்சின் ஆயிலை மாற்றினோம், பிரேக்கைச் சரிபார்த்தோம், பேட்டரி புதிது போட்டோம். டயரை? குனிந்து பார்த்தோம். பட்டன் ஆழமாக இருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தால் நகம் மறைந்தது. "புதுசு மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டோம். காற்று மட்டும் வழியில் பெட்ரோல் பங்கில் பிடித்துக்கொண்டோம்.

மணப்பாறையைக் கடந்து, வையம்பட்டியைக் கடந்து, அய்யலூரை நெருங்கும் பொழுது, பின்பக்கம் இடப்புறத்தில் வெடி வைத்தாற்போல் ஓர் ஓசை. வண்டியின் பின்புறம் ஒருமுறை இடமாகவும் மறுமுறை வலமாகவும் அசைந்தது. வேகம் எழுபதுக்குள் இருந்ததும், மூத்தவர் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டதும், அந்நேரத்தில் பின்னால் லாரி எதுவும் வராததும் எங்களைக் காத்தன. பின்னிருக்கையில் தாயாரும், மூத்தவரின் துணைவியாரும், அவர் மடியில் முடியிறக்க வேண்டிய பிள்ளையும். டிக்கி நிறையப் பாத்திரம். எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. டயரின் மேற்பட்டை உரிந்து மட்கார்டின் உட்புறத்தை அடித்துக் கிழித்திருந்தது. தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வந்து ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினார். கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்தவர் எங்களை அழைத்து, "பட்டன் எல்லாம் புதுசாத்தான் இருக்கு சார். ரப்பர் செத்துப்போச்சு. எத்தனை வருசம் ஆச்சு?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்து நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3207. முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் பிறந்த டயர். பன்னிரண்டாம் வயதை எட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும், இப்பொழுது மாட்டிய ஸ்டெப்னியும் அதே ஆண்டின. தாயாரையும் மற்றவர்களையும் வாடகை வண்டியில் ஏற்றிப் பழனிக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் நாற்பதுக்கு மேல் போகாமல் வடமதுரை வழியாகத் திண்டுக்கல் வரை ஊர்ந்து, அங்கே தெரிந்தவர் வீட்டு வளாகத்தில் வண்டியை நிறுத்தினோம்.

பதிப்பாண்டு அச்சிட்டே இருந்தது. பார்க்கத்தான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும. வண்டியின் முன்பெட்டியில் தந்தையாரின் குறிப்பேடு ஒன்று எப்பொழுதும் இருக்கும். பெட்ரோல், ஆயில், பழுதுச் செலவு எல்லாம் அவர் கைப்பட எழுதியது. அவர் மறைந்தபின் பலமுறை அதைப் புரட்டி, கையெழுத்தின் அழகை வியந்து, வந்தவர்களிடமும் காட்டியிருக்கிறோம். ஊர் திரும்பிய இரவு மீண்டும் எடுத்துப் பார்த்தோம். 2007 நவம்பரில், "புது டயர் 5" என்று தெளிவாக இருந்தது. கையெழுத்தைப் பார்த்தோமேயன்றி எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

அதன் பிறகே டயரைப் பற்றிப் படிக்கலானோம். கற்றதைச் சுருங்கச் சொல்கிறோம். எங்களைப் போல் பழைய வண்டியைக் கொட்டகையில் வைத்திருப்போருக்குப் பயன்படலாம்.

முதலாவது, வயது. நாள்தோறும் ஓடும் வண்டியின் டயர் தேய்ந்து சாகிறது. நிற்கும் வண்டியின் டயர் தேயாமலே சாகிறது. ரப்பரைக் காற்றும் வெயிலும் தாக்காதிருக்க அதனுள் மெழுகு போன்ற காப்புப் பொருள்களைக் கலக்கின்றனர். டயர் உருண்டு வளைந்து நிமிரும் பொழுதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வருகின்றன. நின்ற டயருக்கு அந்தக் காப்புக் குறைவு. ரப்பர் இறுகுகிறது, நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன, உள்ளிருக்கும் இழைகளோடு பிடிப்பு விடுகிறது. அதன்மேல் சுமையும், குறைந்த காற்றும், மே மாதத் தார்ச்சாலையின் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அய்யலூரில் கண்டோம். ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்கவும், எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் பத்தாண்டில் கழித்துவிடவும் டயர் செய்வோர் பலர் அறிவுறுத்துகின்றனர். பட்டன் ஆழத்துக்குச் சட்டம் வகுத்த அளவு 1.6 மில்லிமீட்டர். எங்கள் டயரில் அதைப்போல் சில மடங்கு இருந்தது. ஆழம் வயதைச் சொல்லாது. அந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்; அப்பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால் டார்ச்சுடன் வண்டிக்கடியில் படுத்துத்தான் படிக்கவேண்டும். படுத்துப் படிக்கலாம், தவறில்லை.

இரண்டாவது, அளவு. எங்கள் வண்டியின் பழைய டயர் 5.90-15. அகலம் 5.90 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். அதற்கு இணையாகச் சொல்லப்படும் ரேடியல் அளவு 165 ஆர் 15. இக்காலக் கார்களுக்குப் பரவலாக வரும் 195/60 ஆர் 15 எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, விலையும் மலிவு. "இதையே போட்டுக்குங்க சார், வண்டி கும்முனு இருக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். எங்களுள் இளையவர் மயங்கிவிட்டார். மூத்தவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். 165 ஆர் 15-இல் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு என்று கொண்டால், முழுச் சக்கரத்தின் விட்டம் 645 மில்லிமீட்டர். 195/60-இல் 615 மட்டுமே. வண்டி தரையை நோக்கி 15 மில்லிமீட்டர் இறங்கும். வேகமானி ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூட்டிக் காட்டும். இவையும் பொறுத்துக்கொள்ளத் தக்கனவே. ஆனால் 195 அகல டயருக்கு ஐந்தரை அங்குலமேனும் அகலமுள்ள ரிம் வேண்டும். எங்கள் ரிம் அதற்கு ஒடுக்கம். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால் நடுப்பகுதி பிதுங்கும். ஓரங்கள் தரையைச் சரியாகத் தொடா. ரிம்மை மாற்றி அலாய் போடலாம் என்ற பேச்சுக்கு மூத்தவர் விடையே சொல்லவில்லை.

மூன்றாவது, சுமை. டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண் எடையன்று, எடைக்குரிய குறியீடு. 82 என்றால் ஒரு டயர் தாங்குவது 475 கிலோ. 86 என்றால் 530. 88 என்றால் 560. வண்டியும் ஐந்து பேரும் பொருளும் சேர்த்து ஏறக்குறைய 1550 கிலோ என்று வைத்துக்கொண்டோம். நான்கால் வகுத்தால் 390-க்குள் வருகிறது; 82 போதும் போலத் தோன்றும். ஆனால் வண்டி தன் சுமையைச் சமமாகப் பங்கிடுவதில்லை. பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் பாத்திரமும் இருக்கையில் பின்சக்கரங்களே கூடுதலாகச் சுமக்கின்றன. முழுச்சுமையில் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 425 கிலோ இருக்கலாம். பள்ளத்தில் இறங்கி ஏறும் பொழுது இன்னும் கூடும். எனவே 86-க்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்தோம்.

நான்காவது, வகை. இதில்தான் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. தந்தையார் கடைசிவரை பயன்படுத்தியது, கடைகளில் நைலான் டயர் என்று சொல்லப்படும் பழைய வகை. அதில் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். ரேடியலில் இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேர்க்குறுக்காகச் செல்லும். மேலே எஃகுப் பட்டை இருக்கும். மிஷெலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சூடு குறைவு, தேய்மானம் குறைவு, ஈரச்சாலையில் பிடிப்பு மிகுதி. ஆனால் எங்கள் வண்டியின் வடிவமைப்பு நைலான் டயரை எண்ணிச் செய்தது. "அப்பா போட்ட டயரைத்தான் போடவேண்டும்" என்றார் மூத்தவர். "அப்பா இருந்திருந்தால் மாற்றியிருப்பார்" என்றார் இளையவர். இரண்டு நாள் இதைப் பற்றிப் பேசாதிருந்தோம்.

தீர்த்துவைத்தது அந்தக் குறிப்பேடே. இம்முறை வரிவரியாகப் படித்தோம். 1996-இல் பழைய முகப்பு விளக்கைக் கழற்றி ஹாலஜன் போட்டிருக்கிறார். 2003-இல் பின்னிருக்கைக்கு சீட் பெல்ட் வைத்திருக்கிறார். பக்கத்தில் தாயாரின் பெயரை எழுதியிருக்கிறார். வாங்கிய நாளில் இருந்தபடியே வண்டி இருக்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை. மூத்தவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "சரி, ரேடியலே சொல்லிவிடு" என்றார்.

சொன்னவுடன் கிடைத்துவிடவில்லை. ஒரு கடையில், "இந்த சைஸ்ல இதான் சார் கடைசி செட்டு" என்று கருமெருகு பூசிப் பளபளவென்றிருந்த டயர்களைக் காட்டினர். குனிந்து படித்தோம். 2014-ஆம் ஆண்டின. கேட்டதற்கு, "டயர் என்ன பாலா சார், கெட்டுப்போக? ஓடாத டயர்தானே!" என்றார் கடைக்காரர். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் வெயிலில் நின்றதைவிட மெதுவாகவே மூப்படையும். அதில் அவர் சொன்னது முழுப்பொய்யன்று. ஆனால் ஐந்தாண்டைத் தொலைத்துவிட்ட டயருக்குப் புது விலை கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஓடாத டயரால்தானே நடுவழியில் நின்றோம்! வேறொரு கடையில் முன்பணம் கட்டிப் பத்து நாள் காத்திருந்து, 165 ஆர் 15, குறியீடு 86, அவ்வாண்டு மார்ச்சில் செய்தவை ஐந்து வாங்கினோம். பழைய ரிம் டியூப் இல்லாத டயருக்கு ஏற்றதன்று என்பதால் ரேடியலுக்குரிய புது டியூப்களும் வாங்கினோம். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தையும் மாற்றியதற்குக் காரணமுண்டு. ஒரே அச்சில் இரு வகையைக் கலத்தல் ஆகவே ஆகாது. முன்னே ரேடியலும் பின்னே நைலானும் இருந்தால் வளைவில் பின்புறம் முதலில் பிடிப்பிழந்து வண்டி சுழலக்கூடும்.

மாட்டி, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்து வீட்டுக்கு ஓட்டி வந்தோம். நிற்கையில் ஸ்டியரிங் முன்னைவிடக் கனமாக இருக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டால், சாலையின் தடங்களைப் பின்பற்றி இப்படியும் அப்படியும் இழுக்கும் பழைய குணம் பெரிதும் போய்விட்டது. ரேடியலின் பக்கச்சுவர் இயல்பாகவே சற்றுப் பிதுங்கித் தோன்றும். ஆதலால் தெருவில் பார்ப்பவரெல்லாம், "காத்து கம்மியா இருக்குங்க" என்று அறிவுரை கூறுகின்றனர். அவர்கள் பேச்சைக் கேட்டு மேலும் காற்றடிப்பதில்லை. மாதம் இருமுறை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், அளவுமானி வைத்தே பார்க்கிறோம். பார்த்தபின் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறோம்.

முடியிறக்கிய பிள்ளை இப்பொழுது பள்ளிக்குப் போகிறான். தாயார் அவ்வாண்டு ஆடியில் மீண்டும் அதே வண்டியில், அதே சாலையில், எங்களோடு பழனிக்கு வந்தார். அய்யலூர் வந்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார், கடந்ததும் விட்டார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் தந்தையார் விட்ட இடத்தில், அவர் எழுத்துக்குக் கீழே, எங்கள் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: "2019 ஜூன். புது டயர் 5. 2024 முதல் ஆண்டுதோறும் பார்க்க. 2029 மார்ச்சுக்குள் மாற்ற." 2024 முதல் பார்த்தும் வருகிறோம்.